பிரேக் போட்டேன், ஆனால் நிற்காது

நான் ரயில் ஓட்டுநர். என் ரயிலில் மாடு மோதியது இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. ஹெட்லைட் வெளிச்சத்தில் முதலில் பளிச்சிட்டவை நான்கு கண்கள். பசுவும் கன்றும். மோதி, ரயில் நின்ற பிறகு இறங்கிப் பார்த்தால், எஞ்சினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவே ஏர் ஹோஸ் (பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்) பிய்ந்து தொங்கியது. என் அசிஸ்டென்ட் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஜல்லியில் முட்டி போட்டு அதை மாற்றினார். பிரேக் சோதித்துக் கிளம்ப ஐம்பது நிமிடம் ஆனது. பின்னால் வந்த வண்டிகளும் அங்கங்கே நின்றன.

அடுத்த ஸ்டேஷனில் ஒரு அம்மா கேட்டார்: "தூரத்திலேயே தெரிஞ்சிருக்குமே, பிரேக் போட்டிருக்கலாமே?"

போட்டேன் அம்மா. 100 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடும். தார்ச்சாலையில் டயர் பிடிப்பதுபோல் இரும்புச் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்காது. பின்னால் நூற்றுக்கணக்கான டன் எடை. எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். வளைவில் மாடு கண்ணில் படும்போதே அந்தத் தூரம் இருக்காது. ஒதுக்கி ஓட்டவும் வழியில்லை.

ஹாரனுக்கு ஒதுங்கும் என்பதும் பாதிதான் உண்மை. மிரண்ட மாடு பக்கவாட்டில் இறங்காமல் தண்டவாளத்தோடேயே முன்னால் ஓடும். தாண்டிப் போன தாயும் கன்றைத் தேடித் திரும்பி வரும்.

தாமதம்தானே என்று விட்டுவிடாதீர்கள். 1995 ஆகஸ்ட் 20, உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத். விலங்கு மோதி பிரேக் பழுதாகி நின்றது காளிந்தி எக்ஸ்பிரஸ். அது நிற்பது தெரியாமல் அதே தடத்தில் விடப்பட்ட புருஷோத்தம் எக்ஸ்பிரஸ் பின்னாலிருந்து மோதியதில் 300க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1984இல் ஸ்காட்லாந்தின் போல்மண்ட் அருகே ஒரே ஒரு பசு மோதி ரயில் தடம்புரண்டு 13 பேர் இறந்தார்கள். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிய வண்டி அது. முன்னால் எடை குறைந்த பெட்டி இருந்தால், மாடு மோதியதும் அது எளிதில் தடம்புரளும் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

மாடு வளர்ப்பவர்களே, "அதுவா வீட்டுக்கு வந்துடும்" என்று அவிழ்த்து விடாதீர்கள். லைன் ஓரம் மேய்க்காதீர்கள். வேலியைக் குறுக்குவழிக்காக வெட்டாதீர்கள். நீங்கள் நுழையும் ஓட்டையில்தான் மாடும் நுழையும். பயணிகளே, மிச்சச் சாப்பாட்டை ஜன்னல் வழியே வீசாதீர்கள். அந்த வாசனைக்குத்தான் அவை லைனுக்கு ஏறி வருகின்றன.

தண்டவாளத்தில் மாடு நிற்பதைப் பார்த்தால், தயவுசெய்து நீங்களே விரட்டப் போகாதீர்கள். கேட் கீப்பரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் ரயில்வே உதவி எண் 139க்கு அழையுங்கள். முன்கூட்டியே தகவல் கிடைத்தால் எங்களுக்குக் காஷன் ஆர்டர், அதாவது அந்த இடத்தில் மெதுவாகப் போகச் சொல்லும் உத்தரவு, வரும். வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடித்துக்கொண்டே அந்த இடத்தை மெல்லக் கடந்துவிடுவேன்.