பழைய போல்ட் ஆக்‌ஷன் ரைபிளா, புதுசா? காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டிய இடங்கள்

அமெரிக்காவில் மான் சீசன் நெருங்கும்போது துப்பாக்கிக் கடைகளின் பழைய சரக்கு வரிசையில் கூட்டம் கூடும். ஒரு பக்கம் 1950களின் வின்செஸ்டர் மாடல் 70: வால்நட் கட்டை (தோளில் ஊன்றும் மர உடல்), ஆழ்ந்த நீலக் கறுப்புக் குழல். அடுத்த வரிசையில், பிளாஸ்டிக் கட்டை போட்ட புது ரைபிள், அதைவிடக் குறைந்த விலையில். "அந்தக் காலத்து இரும்பே தனி" என்று ஒரு கட்சி, "புதுசுதான் பாதுகாப்பு" என்று மறு கட்சி. வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்து முதல் ரைபிள் தேடுகிறவர் இரண்டையும் நம்பக் கூடாது.

இரும்புப் பெருமையை முதலில் பார்த்துவிடுவோம். அமெரிக்க ராணுவத்தின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள்களில் ஆரம்ப காலத்தவற்றுக்கு, இரும்பு உலையில் போதுமான அளவு காய்ந்துவிட்டதா என்பதைத் தொழிலாளி நிறத்தைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்தார். வெயில் அடிக்கும் நாளில் ஒரு கணிப்பு, மேகமூட்டத்தில் இன்னொன்று. அளவு மீறிக் காய்ந்த ரிசீவர்கள் (குழல் பொருந்தும் நடு உடல்) கண்ணாடி போல நொறுங்கும் தன்மை பெற்றன. முதல் உலகப் போரின்போது சில வெடித்த பிறகுதான் முறை மாறியது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் 800,000க்குக் கீழும், ராக் ஐலண்ட் ஆலையில் 285,507க்குக் கீழும் வரிசை எண் உள்ளவை இந்தச் சந்தேகப் பட்டியலில் வரும். அவற்றில் பல, பின்னாளில் புதுக் கட்டை மாட்டி வேட்டை ரைபிளாக உருமாறி இன்றும் கை மாறுகின்றன. கட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் ரிசீவரின் எண்ணைப் படியுங்கள். இந்த வரம்புக்குள் இருந்தால் அது சுவரில் மாட்டுவதற்கு மட்டும்.

இனி "புதுசு" கட்சி. ரெமிங்டன் 700 வந்தது 1962இல். அதில் இருந்த வாக்கர் விசையில் (சுட விரலால் இழுக்கும் பகுதியில்) கனெக்டர் என்ற சிறு தகடு, விசையோடு இறுகப் பொருத்தப்படாமல் தனித்து அசையும். அதற்கும் விசைக்கும் இடையே தூசியோ கெட்டித்த எண்ணெயோ புகுந்தால், அடிக்கும் ஊசியைப் பிடித்து வைக்கும் சியர் என்ற மேல் துண்டு நுனியில் தொங்கி நிற்கும். பிறகு சேஃப்டி என்ற பாதுகாப்புப் பூட்டைத் தள்ளினாலே சுடக்கூடும் என்பதுதான் பல ஆண்டு வழக்குகளின் சாரம். போதாததற்கு, 1982 வரை வந்தவற்றில் சேஃப்டி போட்டிருக்கும்போது போல்ட் (இழுத்துத் தோட்டாவை ஏற்றி இறக்கும் உருளை) திறக்காது. தோட்டாவை வெளியே எடுக்கவே சேஃப்டியை விலக்க வேண்டும், அதாவது ஆபத்தான அந்தச் செயலைத் தினமும் செய்ய வேண்டும். 2006இல் அந்த இடத்துக்கு எக்ஸ்-மார்க் ப்ரோ என்ற புது விசை வந்தது. அதுவும் 2014 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது. 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை இந்த விசையோடு செய்த 700, செவன் மாடல்கள் அத்தனையும் அந்த அறிவிப்பில் அடக்கம். காரணம், பொருத்தும்போது பசை அளவுக்கு மேல் போனது. ஆக, எட்டு வருடச் சரக்கு "புதுசாக" இருந்தும் தப்பவில்லை. இப்படி ஒன்று விற்பனைக்கு வந்தால், பழுது பார்த்ததற்கு ஆதாரம் கேளுங்கள். இல்லையென்றால் விசைத் தொகுதியை முழுதாக மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

1964க்கு முந்தைய மாடல் 70ஐ ஆட்கள் கொண்டாடுவதில் வெறும் பழமைப் பாசம் மட்டும் இல்லை. அதன் மூன்று நிலைச் சேஃப்டி விசையைத் தடுப்பதோடு நிற்காமல், அடிக்கும் ஊசியையே பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. நடு நிலையில் வைத்தால், ஊசி பிடிபட்டபடியே போல்ட் திறந்து தோட்டாவை எடுத்துவிடலாம். சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் நீளமான நக எக்ஸ்ட்ராக்டர், தோட்டாக்களை அடுக்கும் மேகசினிலிருந்து எழும்பும் தோட்டாவின் அடி விளிம்பை உடனே கவ்விக்கொள்ளும். 1964இல் செலவைக் குறைக்க இந்த நகத்தை மாற்றியபோது வாங்குவோர் முகம் சுளித்தார்கள். நக எக்ஸ்ட்ராக்டர் 1990களில் திரும்ப வந்தது. இதில் ஒரு எச்சரிக்கை: இந்த வகையில் தோட்டாவைக் கையால் நேரே சேம்பரில் (குழலில் தோட்டா அமரும் அறையில்) போட்டு போல்ட்டை அடித்து மூடினால், நகம் விளிம்பின் மேல் ஏறிக் குதிக்க வேண்டியிருக்கும். அப்படிச் செய்து செய்தே நுனி பெயர்ந்த நகங்கள் ஏராளம். போல்ட்டை வெளியே எடுத்து, விளக்கில் அந்த நுனியைப் பாருங்கள்.

மேசையில் செய்யும் விசைச் சோதனை இது. குழல் பாதுகாப்பான திசையில் இருக்கட்டும். மேகசினைக் காலி செய்து, சேம்பருக்குள் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். போல்ட்டை ஏற்றிச் சேஃப்டி போட்டு, விசையை அழுத்தமாக இழுத்து விட்டுவிடுங்கள். இப்போது விசையைத் தொடாமல் சேஃப்டியை மட்டும் தள்ளுங்கள். டிக் என்று ஊசி விழுந்தால் அங்கேயே பேரம் முடிந்தது. விழாவிட்டால், சேஃப்டி இல்லாத நிலையில் போல்ட்டை ஏழெட்டு முறை வேகமாக அடித்து மூடுங்கள். கடைசியாக, ரப்பர் விரிப்பில் கட்டையின் அடியை நாலைந்து தடவை தட்டுங்கள். ஒருமுறைகூட விழக் கூடாது. தேறிவிட்டாலும் நிம்மதி அடைய வேண்டாம். வாக்கர் விசையின் குறையே எப்போதாவது வருவதுதான். எண்ணெய் காய்ந்து அரக்கு போலப் படிந்திருந்தால் விசையைக் கழற்றிக் கழுவச் சொல்லிவிட்டு மறுபடி சோதியுங்கள்.

அடுத்தது ஹெட்ஸ்பேஸ். மூடிய போல்ட்டின் முகத்துக்கும், தோட்டாவின் தோள் முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள நீளம். பழைய ரைபிளில் இது கூடிப்போக இரண்டு வழி உண்டு: போல்ட்டைப் பூட்டும் காதுகள் (புடைப்புகள்) அமரும் ரிசீவர்ப் பள்ளம் நசுங்குவது, அல்லது எப்போதோ யாரோ வேறு துப்பாக்கியின் போல்ட்டை மாற்றிப் போட்டது. இரண்டாவதுதான் அடிக்கடி. போல்ட்டில் எண் இருந்தால் ரிசீவர் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துப்போனாலும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கேஜ் (தோட்டா வடிவ அளவுத் துண்டு) போடச் சொல்லுங்கள். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்குக் கேஜ்கள் மூன்று: 'கோ' 1.630 அங்குலம், 'நோ-கோ' 1.634, 'ஃபீல்டு' 1.638. எக்ஸ்ட்ராக்டரையும், கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றிவிட்டு ஒற்றை விரலால் மூட வேண்டும். பலத்தைக் காட்டினால் கேஜும் கெடும், அளவும் பொய்யாகும். 'கோ'வில் மூட வேண்டும், 'நோ-கோ'வில் மூடக் கூடாது. 'ஃபீல்டு'டிலும் மூடினால் அந்தத் துப்பாக்கியில் ஒரு தோட்டாகூடச் சுட வேண்டாம்.

முதல் ரைபிள் வாங்குகிறவர் அநேகமாகத் தவறவிடுவது, குழலுக்குள் குண்டைச் சுழற்றும் புரியின் (சுருள் பள்ளத்தின்) முறுக்கு வேகம். நீளமான குண்டுக்கு வேகமான முறுக்கு வேண்டும், இல்லையென்றால் பறக்கும்போது தள்ளாடும். 1955இல் .244 ரெமிங்டன் என்ற தோட்டா வந்தபோது 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தார்கள். 100 கிரெயின் (குண்டு எடையின் அலகு) குண்டு அதில் நிலைக்கவில்லை. மான் வேட்டைக்கு அந்தக் குண்டையே கேட்டவர்கள், 10 அங்குல முறுக்குடன் வந்த .243 வின்செஸ்டர் பக்கம் போனார்கள். 1963இல் அதே தோட்டாவை 9 அங்குல முறுக்கோடு 6மிமீ ரெமிங்டன் என்று பெயர் மாற்றி விற்கவேண்டி வந்தது. 2007இல் வந்த 6.5 கிரீட்மோரில் தொடக்கத்திலிருந்தே 8 அங்குலம்.

இன்று இது ஏன் முக்கியம் என்றால், கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. செம்பின் அடர்த்தி 8.9, ஈயத்தினுடையது 11.3. அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகிவிடும். கிரீன்ஹில் கணக்கு எளிது: குண்டின் விட்டத்தை வர்க்கமாக்கி 180ஆல் பெருக்கி, முறுக்கின் அங்குலத்தால் வகுத்தால், தாங்கக்கூடிய குண்டு நீளம் ஏறக்குறைய வரும். விட்டம் 0.243 அங்குலம் என்றால், 12 அங்குல முறுக்குக்கு 0.89 அங்குலம், 10க்கு 1.06. முழுச் செம்புக் குண்டுக்கு இதில் ஒரு பத்து சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் செம்புக் குண்டின் நீளத்தைக் காலிப்பரில் அளந்து ஒப்பிட்டால், பழைய துப்பாக்கி உங்கள் மாநிலத்தில் வேலைக்கு ஆகுமா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

குழலில் முறுக்கு அளவு பொறித்திருக்காவிட்டால் நீங்களே அளக்கலாம். கைப்பிடி சுழலும் துடைப்புக் கம்பியில் இறுக்கமான துணியைப் போட்டு, குழலுக்குள் கொஞ்சம் தள்ளுங்கள். கம்பியின் மேற்புறம் மார்க்கரால் ஒரு புள்ளி, குழல் விளிம்பு தொடும் இடத்தில் ஒரு கோடு. மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனால் புள்ளி சுற்றிவந்து மறுபடி மேலே நிற்கும். அங்கே இரண்டாவது கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் முறுக்கு. துணி வழுக்கும், அதனால் மூன்று முறை செய்து பாருங்கள்.

குழலின் உட்புறத்தைத் துடைக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. படிந்த செம்பு, அரிப்புக் குழிகளை நிரப்பி வழுவழுப்பாகக் காட்டும். 1950களின் தொடக்கம் வரை அமெரிக்க ராணுவ .30-06 தோட்டாக்களில் பெரும்பாலானவற்றின் ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) சுட்ட பிறகு உப்பை விட்டுச்செல்லும். அந்த உப்பு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். உப்பு தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெய் மட்டும் தடவி வைத்தவர்களின் குழல்களில்தான் குழிகள். செம்பு கரைக்கும் திரவத்தால் சுத்தம் செய்த பிறகு, குழலுக்குள் பார்க்கும் கருவியான போர்ஸ்கோப் விட்டுப் பாருங்கள். முன் விளிம்பில் கம்பி உரசிய தேய்மானம் இருந்தால் கவலை வேண்டாம், மெக்கானிக் கொஞ்சம் வெட்டிச் சரிசெய்துவிடுவார்.

கட்டையைப் பொறுத்தவரை இரண்டு தரப்பிலும் குறை உண்டு. வால்நட் மழைக்காலத்தில் உப்பிக் குழலை ஒரு பக்கம் தள்ளும். மலிவான பிளாஸ்டிக் கட்டையோ பைபாட் (இரு கால் தாங்கி) மீது சாய்த்தாலே வளைந்து குழலைத் தொடும். ஒரு தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே செருகி ரிசீவர் வரை ஓட்டிப் பார்த்தால் போதும்.

எங்கள் அபிப்பிராயம் கேட்டால், ஒரே ஒரு ரைபிள்தான் வாங்கப்போகிறீர்கள், மெக்கானிக் பக்கத்தில் இல்லை என்றால் புதியதே. கையில் கேஜ் போட்டுக் காட்டிய பழைய மாடல் 70, நியாயமான விலையில், உங்கள் மாநிலம் அனுமதிக்கும் குண்டைத் தாங்கும் முறுக்கோடு கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சில மாடல் 70களில் ரிசீவரின் பின்பாலத்தில் ஸ்கோப்புக்குத் துளையே இருக்காது. யாரோ பின்னால் போட்டிருந்தால் சேகரிப்பாளருக்கு மதிப்பு போயிற்று, வேட்டைக்காரருக்கு அது தள்ளுபடி.

வாங்கிய பிறகு முதல் பெட்டியைச் சுடும்போது, சுட்ட கேஸ் (பித்தளைக் கூடு) ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். அடி விளிம்புக்குக் கால் அங்குலம் மேலே பளபளப்பான வளையம் தெரிந்தால், ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியைச் சற்று வளைத்து, கேஸின் உள்சுவரில் மேலிருந்து கீழ் வரை உரசுங்கள். வளையம் இருக்கும் இடத்தில் கம்பி ஒரு பள்ளத்தில் தட்டித் தட்டி நின்றால், பித்தளை உள்ளே பிய்யத் தொடங்கிவிட்டது. பெட்டியில் மிச்சமுள்ள தோட்டாக்களை அப்படியே மூடி, ரைபிளை மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.