கண்ணால் பார்த்தேன் என்பவரும், நான் அங்கே இல்லை என்பவரும்

1908 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மரியன் கில்கிறிஸ்ட் என்ற மூதாட்டி தன் வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டார். வெளியேறிய ஆளைச் சில நொடிகள் மட்டுமே பார்த்தவர்கள் ஆஸ்கர் ஸ்லேட்டர் என்பவரை அடையாளம் காட்டினார்கள். அவர் அந்த நேரத்தில் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று அவரோடு வாழ்ந்த பெண்ணும் பணிப்பெண்ணும் சாட்சி சொன்னார்கள். ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, அதை ஏற்கவில்லை. 15 பேரில் 9 பேர் குற்றவாளி என்றார்கள். அங்கே அன்று அது போதுமானதாக இருந்தது. தூக்குத் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 1928-இல் தீர்ப்பு ரத்தாவதற்குள் பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் போய்விட்டன.

வேறிடத்தில் இருந்தேன் என்ற வாதம், அதாவது அலிபி, இப்படித் தோற்பதற்குக் காரணம் உண்டு. நேரில் பார்த்த சாட்சி பெரும்பாலும் அந்நியர். பொய் சொல்ல அவருக்கு என்ன தேவை? அலிபிக்கு வரும் சாட்சியோ மனைவி, அண்ணன், நண்பன். காப்பாற்றப் பொய் சொல்வார்கள் என்று சந்தேகிப்பது இயல்பு. ஆனால் நேரில் பார்த்தவரிடம் உள்ள ஆபத்து பொய் அல்ல, நேர்மையான தவறு. குறுக்கு விசாரணை பொய்யைப் பிடிக்கும். தான் சொல்வதை உளமார நம்புகிறவரிடம் அது பலிக்காது.

அந்த நம்பிக்கை எப்படி வளர்கிறது என்பதை கேரி வெல்ஸ், ஏமி பிராட்ஃபீல்டு என்ற உளவியலாளர்கள் 1998-இல் காட்டினார்கள். ஒரு வீடியோவைப் பார்த்தவர்களிடம் புகைப்படங்களைக் கொடுத்து ஆளைக் காட்டச் சொன்னார்கள். உண்மையான ஆளின் படம் அதில் இல்லவே இல்லை. காட்டிய எல்லோரும் தவறாகத்தான் காட்டினார்கள். அப்புறம் சிலரிடம் மட்டும், சரியான ஆளைத்தான் காட்டினீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். அவ்வளவுதான். அவர்களுடைய உறுதி கூடியது. முகத்தை நன்றாகப் பார்த்ததாகவும், கவனமாக இருந்ததாகவும்கூடச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆகவே மாதங்கள் கழித்துக் கூண்டில் ஏறி, இவர்தான் என்று விரல் நீட்டும்போது தெரியும் உறுதிக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்க மாட்டேன். முதல் தடவை அடையாளம் காட்டியபோது என்ன சொன்னார், எவ்வளவு தயங்கினார் என்பதே கேட்க வேண்டியது. அடையாள அணிவகுப்பை, அதாவது பலரை நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்வதை, நடத்துபவருக்கே சந்தேக நபர் யார் என்று தெரியாமல் இருப்பது நல்லது.

இங்கிலாந்தில் 1976-இன் டர்ன்புல் தீர்ப்பு இதற்கு ஒரு வரம்பு கட்டியது. எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு தூரம், என்ன வெளிச்சம், முன்பே தெரிந்தவரா என்றெல்லாம் பார்க்கச் சொன்னது. உறுதியாகப் பேசுகிற பல சாட்சிகள் சேர்ந்தே தவறலாம் என்று ஜூரியை எச்சரிக்கவும் சொன்னது. பார்த்தது அரைகுறை, வேறு ஆதாரமும் இல்லை என்றால் வழக்கு ஜூரியிடம் போகவே கூடாது.

அலிபியையும் சும்மா ஏற்றுவிட முடியாது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1996-இல் பினய் குமார் சிங் வழக்கில், சம்பவ இடத்தில் இருந்திருக்கவே முடியாது என்ற அளவுக்கு அது நிரூபணமாக வேண்டும் என்றது. பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தேன் என்பது, நடுவில் இரண்டு மணி நேரம் கணக்கில் வராவிட்டால் உதவாது. செல்போன் டவர் பதிவு போன் இருந்த இடத்தைத்தான் சொல்லும், ஆள் இருந்த இடத்தை அல்ல. ஆனாலும் வரிசை முக்கியம்: குற்றம் சாட்டப்பட்டவர் அங்கே இருந்தார் என்பதை அரசுத் தரப்பு முதலில் தன் சொந்த ஆதாரத்தால் நிறுவ வேண்டும். அலிபி பலவீனமாக இருப்பது அந்தச் சுமையைக் குறைக்காது.

அலிபி பொய் என்று அம்பலமானால்? சிக்கிவிட்டோம் என்ற பயத்தில் நிரபராதியும் கதை கட்டுவதுண்டு. சிலர் பொய்யே சொல்வதில்லை. வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை எங்கே இருப்பாரோ அதைச் சொல்லிவிட்டு, பிறகு நினைவு வந்து மாற்றுவார். பொய் அலிபி மட்டுமே அவர் சம்பவ இடத்தில் இருந்ததை நிரூபிக்காது என்று டர்ன்புல் தீர்ப்பே தெளிவாகச் சொல்கிறது.

இரண்டு நினைவுகள் மோதும்போது தீர்ப்பது பெரும்பாலும் யாருடைய நினைவையும் சாராத ஒன்று: கைரேகை, டிஎன்ஏ, கடிகாரம் சரிபார்க்கப்பட்ட சிசிடிவி. அந்த வீடியோ பல இடங்களில் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். அலிபியைச் சொன்ன உடனேயே போலீஸ் அதைத் தேடிப் போவது நிரபராதியைக் காக்கும், குற்றவாளியையும் பிடிக்கும்.