பஃபர்: உதை வாங்கும் சொல்

போன வாரம் ஒரு வீடியோவின் தமிழ் வரிகளைத் திருத்தித் தரும் வேலை வந்தது. அமெரிக்கர் ஒருவர் தன் ஏஆர்-15 ரைபிளின் பின்கட்டைக்குள்ளிருந்து கட்டைவிரல் பருமனில் ஓர் உலோக உருளையை உருவி எடுத்து, 'ஆஃப்டர் மார்க்கெட் ரீகாயில் பஃபர்' என்கிறார். கீழே ஓடிய தமிழில் கடைசி இரண்டு சொற்கள்: 'பின்னடைவு இடையகம்'. தேர்தலில் தோற்ற கட்சியின் கிளை அலுவலகம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டும் நல்ல சொற்கள்தான், இடம்தான் தப்பு. கணினித் தமிழில் இடையகம் என்றால் தரவு சற்று நேரம் தங்கிப் போகும் இடம். துப்பாக்கிக்குள் எதுவும் தங்கிப் போவதில்லை. அடிதான் விழுகிறது.

பஃபரின் வேரிலும் அடிதான். பழைய பிரெஞ்சில் 'பஃப்' என்றால் ஓர் அறை, ஒரு குத்து. மெத்தென்ற பொருள்மேல் அடி விழும் ஓசையை வைத்துப் பிறந்த சொல். நம் 'பொத்'தென்று விழுந்தான் போல. 19ஆம் நூற்றாண்டில் ரயில் வந்தபோது, பெட்டிகள் மோதும் அடியை வாங்கிக்கொள்ளும் முட்டுக்கு அந்தப் பெயர் நிலைத்தது. சென்னை சென்ட்ரலில் தண்டவாளம் முடியும் இடத்தில் நிற்பதும் அதுதான். பெரம்பூர் ஐசிஎஃப் பழைய நீலப் பெட்டிகளின் இரு முனையிலும் தட்டு தட்டாகத் துருத்திக்கொண்டிருந்ததும் அதுதான்.

ரீகாயிலின் பூர்விகம் சபையில் சொல்லத் தக்கதல்ல. லத்தீனில் பிட்டத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து, 'பின்பக்கமாகப் போ' என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக வந்தது. பள்ளி இயற்பியல் இதைப் பின்னியக்கம் என்கிறது. ஆனால் என்சிசி-யில் துப்பாக்கியைத் தொட்ட எவரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. "தோள்ல ஒட்டிப் புடி தம்பி, இல்லன்னா உதைக்கும்" என்பார் எங்கள் ஹவில்தார். பாயிண்ட் டூ டூ ரைபிள் பெரிதாக உதைக்காது, அவர் பலமாக உதைக்கும் பழைய .303 ரைபிள் காலத்துப் பழக்கத்தில் சொன்னார். சொல் மட்டும் சரி: உதை.

இனி அந்த உருளைக்கு வருவோம். குண்டு முன்னே பாய்ந்ததும் வாயு அழுத்தத்தில் ரைபிளின் போல்ட், அதாவது தோட்டா இருக்கும் அறையைப் பின்னாலிருந்து மூடும் உலோகக் கட்டை, பின்னே விரைந்து இதை முட்டுகிறது. இது சுருள்வில்லை அமுக்கியபடி பின்னே போய், பிறகு வில்லின் விசையில் போல்டை முன்னே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றவைக்கிறது. உள்ளே சின்னச் சின்ன எடைக்கட்டிகள், நடுவே ரப்பர் வில்லைகள். போல்ட் முன்னே போய் மோதித் துள்ளப் பார்க்கும் நொடியில் அந்தக் கட்டிகள் சற்றுத் தாமதமாக வந்து இடித்து, துள்ளலை அடக்கிவிடும். கார்பைன் எனும் குட்டை ரைபிளுக்கான சாதாரண உருளை சுமார் 85 கிராம். எஃகுக் கட்டிகளுக்குப் பதில் டங்ஸ்டன் போட்ட கனமான வகைகள் 150 கிராமைத் தொடும். கனம் கூடினால் போல்ட் நிதானமாக நகரும், தோளில் விழும் குத்து மெத்தென்றாகும். கனம் மிஞ்சினால் வலுக்குறைந்த தோட்டாவில் போல்ட் முழுத் தூரம் போகாமல் துப்பாக்கி பாதியில் சிக்கிக்கொள்ளும். ரூகர் 10/22 என்ற பாயிண்ட் டூ டூ ரைபிளில் கதை இன்னும் எளிது: போல்ட் முட்டி நிற்கும் எஃகு ஊசியை எடுத்துவிட்டு பாலியூரித்தேன் ஊசியைப் போடுகிறார்கள், 'டக்' போய் 'பொத்' வருகிறது. சொல் பிறந்த ஓசைக்கே திரும்பிவிட்டது!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். உதையின் மொத்த அளவு இதனால் குறைவதில்லை. அதே உதை கொஞ்சம் கூடுதல் நேரத்துக்குப் பரவி வருகிறது, அவ்வளவுதான். ஆகவே 'உதைகுறைப்பான்' என்று பெயர் வைத்தால் பொய்யாகும். குழல் வாயில் மாட்டி வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் கருவிக்கு அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம், அது உண்மையிலேயே குறைக்கிறது.

பஃபருக்குத் தமிழ் ஏற்கெனவே 'தாங்கு' என்பதைத்தான் பிடித்திருக்கிறது. வேதியியலில் தாங்கல் கரைசல், பொருளியலில் தாங்கியிருப்பு. மழைநீரை ஏந்தி வைக்கும் ஏரிக்கும் தாங்கல் என்றுதான் பேர். பழவந்தாங்கல் ஸ்டேஷனில் தினமும் இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அதை யோசித்திருப்பார்கள்! வெறும் 'தாங்கி' போதாது, அதை பேரிங்குக்குக் கொடுத்துவிட்டோம். சுமைதாங்கி, இடிதாங்கி வரிசையில் இதற்கு உதைதாங்கி. இடிதாங்கி இடியை நிறுத்துவதில்லை, வாங்கி மண்ணுக்குள் விடுகிறது. இதுவும் அந்த ஜாதி.

மீதி, முதலில் வந்த 'ஆஃப்டர் மார்க்கெட்'. திருத்த வந்த கோப்பில் 'பின்சந்தை' என்றிருந்தது, பர்மா பஜாருக்குப் பின்னால் ஒரு தெரு போல. புதுப்பேட்டையில் என் பைக்குக்கு ரப்பர் புஷ் வாங்கப் போனபோது கடைக்காரர் இரண்டைக் கண்ணாடிமேல் வைத்தார். "இது கம்பெனி சாமான் சார், இது வெளிச்சாமான். டூப்ளிகேட் இல்ல, வேற கம்பெனி செஞ்சது." பிறகு இரண்டாவதை விரலால் அமுக்கிக் காட்டி, "இது நல்லா உதை வாங்கும்" என்றார்.

வெளிச்சாமான் உதைதாங்கி என்று திருத்தி அனுப்பிவிட்டேன்.