கோச்சிங்: பயிற்சியா, ஆற்றுப்படுத்தலா?

‘கிரியேட்டிவ் கோச்’ என்று தோழி ஒருத்தி தன் தொழிலைச் சொன்னதும் அவள் அத்தை கேட்டார்: “நீட்டுக்கா, குரூப் ஃபோருக்கா?” அத்தையைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் கோச்சிங் என்றால் டியூஷனின் அண்ணன். கலைஞர்களுக்குத் துணை நிற்கும் தோழியின் வேலையைத் தமிழில் என்னவென்று சொல்வது?

சொல்லின் பிறப்பிடம் ஹங்கேரியில் உள்ள கோச் என்ற கிராமம். 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த வண்டிகளுக்கு ஊர்ப்பெயரே பெயரானது. பல மொழிகளைக் கடந்து ஆங்கிலத்தில் குதிரை வண்டியாகி, அப்புறம் ரயில் பெட்டியானது. பெரம்பூர் ஐ.சி.எஃப்-இன் நடுவெழுத்து இந்தக் கோச்தான். 1830 வாக்கில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தேர்வைக் கடத்திவிடும் ஆசிரியரைக் கிண்டலாகக் கோச் என்றார்கள். ஏறி உட்கார்ந்தால் அக்கரை சேர்த்துவிடுவாராம். விளையாட்டுக்கு வந்ததெல்லாம் அதற்குப் பிறகு.

தமிழில் பயிற்சியாளர் என்கிறோம். கபடிக்கும் நீச்சலுக்கும் அது பொருந்தும். பயிற்சி என்றால் திரும்பத் திரும்பச் செய்து கைவரப் பெறுவது. ஆனால் பத்து வருடம் படம் வரைந்தவர், ‘எனக்கு ஒன்றும் வராது, ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும்’ என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அதே அட்டைப்படத்தை ஏழாம் முறை அழித்து வரைகிறாரே, அவருக்கு எதில் பயிற்சி? கை பழகித்தான் இருக்கிறது. இந்தப் பயத்துக்கு 1978இல் ‘இம்போஸ்டர்’ என்று பெயர் வைத்த உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸும் சூசான் ஐம்ஸும் ஆராய்ந்ததே சாதித்துக் காட்டிய பெண்களைத்தான். ஆலோசகர் என்ற சொல்லும் ஒட்டவில்லை; அதில் ஃபீஸ் வாடை.

என் தேர்வு ஆற்றுப்படுத்துநர். கவுன்சலிங் செய்பவருக்கு இந்தச் சொல் இலங்கையிலும் இங்கேயும் ஏற்கெனவே புழங்குகிறது. பலரும் இதைச் சூடான பாலை ஆற்றுவதுபோல மனதை ஆற்றுவது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்தல் வழியில் செலுத்துவது. வண்டிக்காரச் சொல்லுக்கு இதைவிட நெருங்கிய உறவு கிடைக்குமா?

அதைவிடப் பெரிய பொருத்தம் ஒன்று உண்டு. ஆற்றுப்படை என்ற பழந்தமிழ்ப் பாட்டு வகை, கலைஞன் கலைஞனுக்குச் சொல்வது. கூத்தர், பாணர், பொருநர், விறலி என்று தொல்காப்பியம் பட்டியலே தருகிறது. ‘பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ’: பரிசு பெற்றவன், பெறாதவனை வழியில் பார்த்துச் சொல்வது. (முருகனிடம் அனுப்பும் திருமுருகாற்றுப்படை தனிக் கதை.)

எப்படிச் சொல்கிறான் என்பதுதான் விசேஷம். சிறுபாணாற்றுப்படையில் பரிசோடு திரும்பும் பாணன், ‘உனக்குத் திறமை இருக்கிறது, கவலைப்படாதே’ என்று முதுகில் தட்டுவதில்லை. தன் வீட்டு அடுப்படியைக் காட்டுகிறான். கண் திறக்காத குட்டிகள் பாலில்லாத முலையை இழுக்க, பொறுக்காமல் குரைக்கிறது ஈன்ற நாய். குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்தால் வெட்கம் என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு தின்கிறார்கள். நானும் அங்கேயிருந்துதான் வந்தேன் என்கிறான். யாரைப் பார்க்க வேண்டும், எந்த ஊர் வழியாகப் போக வேண்டும் என்பதும் கூடவே வந்துவிடுகிறது. தோழியும் முதல் சந்திப்பில், தான் பாதியில் கைவிட்ட ஓவியங்களைத்தான் எடுத்துக் காட்டுவாளாம்.

தமிழாக்க வேண்டிய இன்னொரு சொல், வொர்க்-லைஃப் பேலன்ஸ். ‘பணி–வாழ்வுச் சமநிலை’ என்பது சரியான மொழிபெயர்ப்புதான். ஆனால் தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறது, யாருக்கும் முள் நடுவில் நிற்காது. ‘வேலையும் வீடும்’ என்றாலே போதும்.

இதற்கும் பொருநராற்றுப்படையில் ஓர் இடம் இருக்கிறது. கரிகாலன் அரண்மனையில் இரவும் பகலும் கறி தின்ற பொருநனுக்கு, கொல்லையை உழுத கலப்பைக் கொழுவைப்போலப் பல் மழுங்கிவிட்டதாம். மூச்சுவிட இடமில்லாமல் சாப்பாடே வெறுத்துப்போக, ஒருநாள் ‘செல்வ, எங்கள் பழைய ஊருக்குப் போகிறோம்’ என்கிறான். ‘மெல்லெனக் கிளந்தனம்’ என்று பாட்டு. மேனேஜரிடம் லீவு கேட்கும் அதே குரல். அரசனும் கோபித்தவன்போல ஒரு பார்வை பார்த்து, ‘எங்களை விட்டுப் போகிறீர்களா?’ என்று கேட்டுவிட்டுத்தான் யானைகளைக் கொடுத்து அனுப்புகிறான்.