கொசுவும் மழைக்காலமும்: ஹெய்ட்டியில் நெப்போலியனின் படை அழிந்தது எப்படி?

1802 பிப்ரவரித் தொடக்கத்தில், நெப்போலியனின் தங்கை கணவரான ஜெனரல் லெக்லேர் ஒரு பெரும் கப்பற்படையோடு கரீபியக் கடலின் சான்-டொமிங் கரைக்கு வந்து சேர்ந்தார். அன்று பிரெஞ்சுக் காலனி; இன்றைய ஹெய்ட்டிதான் அது. முதல் தவணையில் வந்தவர்களே ஏறக்குறைய 20,000 பேர். பின்னால் வந்த படைகளையும் சேர்த்தால் 40,000-ஐத் தாண்டும். ஐரோப்பாவில் போர் செய்து பழகிய படை. ஆனால் அதே ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி லெக்லேரே இறந்துபோனார். அவரைக் கொன்றது குண்டு அல்ல, மஞ்சள் காய்ச்சல். அவரோடு வந்தவர்களில் பெரும்பாலோரும் ஊர் திரும்பவில்லை.

அவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சான்-டொமிங்கில் சுமார் 5 லட்சம் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்பு, காப்பித் தோட்டங்களில் சாகும்வரை உழைத்துக்கொண்டிருந்தார்கள். 1791 ஆகஸ்டில் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 1794-இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் போட்டது. முன்னாள் அடிமையான தூசான் லூவெர்த்தூர் அந்த நாட்டை ஆளும் நிலைக்கு உயர்ந்தார். அதையெல்லாம் பழையபடி மாற்றத்தான் நெப்போலியன் லெக்லேரை அனுப்பினார்.

இனி கொசுவுக்கு வருவோம். மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது ஏடிஸ் எஜிப்டி. நம் ஊரில் டெங்கு வந்தால் சுகாதாரப் பணியாளர்கள் தண்ணீர்த் தொட்டியையும் பழைய டயரையும் தேடி வருகிறார்களே, அதே கொசுதான். குளம் குட்டையைவிட, மனிதர்கள் பாத்திரத்தில் பிடித்து வைக்கும் தண்ணீர்தான் இதற்குப் பிடிக்கும். இதன் தாயகம் ஆப்பிரிக்கா. அடிமைக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் முட்டையும் புழுவுமாக அட்லாண்டிக்கைக் கடந்து வந்தது. வந்த இடத்தில் அதற்கு வீடு தயாராக இருந்தது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் பாகு வடிவதற்காக ஊற்றிவைக்கும் மண்பானைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் குவிந்து கிடந்தன. ஆலை ஓடாத மாதங்களில் அவை வெறுமனே கிடக்கும். மழை பெய்தால் அத்தனையும் கொசுத் தொட்டில். சர்க்கரையில் லாபம் பார்த்தவர்களே இந்த நோய்க்கும் இடம் அமைத்துக் கொடுத்தார்கள்.

வைரஸ் பரவும் விதத்தைப் பார்த்தால்தான் படைக்கு நேர்ந்தது புரியும். காய்ச்சல் கண்ட முதல் சில நாட்களில் நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் நிறைய இருக்கும். அப்போது கடிக்கும் பெண் கொசுவின் வயிற்றுக்குள் அது போகிறது. ஆனால் உடனே அடுத்தவருக்குத் தொற்றாது. குடலில் பெருகி, எச்சில் சுரப்பிவரை போய்ச் சேர வேண்டும். வெப்பம் கூடினால் அந்தப் பயணம் சீக்கிரம் முடியும். பொதுவாக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அப்புறம் அந்தக் கொசு சாகும்வரை தொற்றைச் சுமக்கும். அது கடித்தால் மூன்று முதல் ஆறு நாளில் காய்ச்சல், முதுகுவலி, வாந்தி. பலர் அத்தோடு தேறிவிடுவார்கள். தேறாதவர்களுக்குக் கல்லீரல் கெட்டு, கண் மஞ்சளாகி, உள்ளே கசியும் ரத்தம் கறுப்பு வாந்தியாக வெளிவரும்.

ஒருமுறை வந்து பிழைத்தவருக்கு ஆயுள் முழுக்க இந்த நோய் மறுபடி வராது. சிறு வயதில் வந்தால் பெரும்பாலும் லேசாகவே போய்விடும். மேற்கு ஆப்பிரிக்காவிலோ கரீபியனிலோ வளர்ந்தவர்களில் பலர் இப்படி எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தார்கள். கொசு அவர்களைக் கடித்தாலும் வைரஸின் சங்கிலி அங்கே அறுந்துவிடும். பிரான்சிலிருந்து வந்த இளைஞர்களுக்கோ அந்த வைரஸ் முற்றிலும் புதிது. அவர்களை ஆயிரக்கணக்கில் துறைமுக நகரங்களிலும் பாசறைகளிலும் நெருக்கமாகத் தங்கவைத்தபோது, சங்கிலி அறுவதற்கு இடமே இல்லாமல் போனது. செத்தவர்களுக்குப் பதிலாகப் புதுப் படையை இறக்க இறக்க, நோய்க்குப் புது உடல்கள் கிடைத்தன.

கொசுதான் காரணம் என்று அன்று யாருக்கும் தெரியாது. கியூபாவின் மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே அதைச் சொன்னது 1881-இல். அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீடின் குழு சோதித்து நிரூபித்தது 1900-இல். ஆனால் மழைக்காலம் வந்தால் புதிதாக வந்த வெள்ளையர்கள் சாவார்கள் என்பது தூசானுக்கு நன்றாகவே தெரியும். 1793 முதல் 1798 வரை அந்த நாட்டைப் பிடிக்கப் பார்த்த ஆங்கிலேயர்கள் ஆயிரக்கணக்கில் காய்ச்சலில் மடிந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். 1802 பிப்ரவரியில் தன் தளபதி டெசாலினுக்கு எழுதிய கடிதத்தில், எதிரிகளிடமிருந்து நம்மை விடுவிக்கும் மழைக்காலம் வரும்வரை நமக்கு அழிவும் நெருப்பும் மட்டுமே ஆயுதம் என்கிறார். லெ காப் நகரத்தைத் தளபதி கிறிஸ்டோஃப் ஏற்கெனவே கொளுத்தியிருந்தார். ஊரைச் சாம்பலாக்கிவிட்டு மலைக்குப் போ, எதிரியைக் கடற்கரையிலேயே காக்கவை. இதுதான் திட்டம்.

தூசானின் கணக்கு பலித்தது. ஆனால் அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. மே மாதம் சமரசத்துக்கு வந்தவரை ஜூனில் வஞ்சகமாகப் பிடித்து பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். 1803 ஏப்ரலில் குளிர் மிகுந்த ஜூ மலைக் கோட்டைச் சிறையில் இறந்தார். அவர் பிடிபட்ட அதே 1802 கோடையில்தான், கரீபியனின் மற்றொரு பிரெஞ்சுக் காலனியான குவாடலூப் தீவில் அடிமைமுறை திரும்புகிறது என்ற செய்தி சான்-டொமிங்குக்கு வந்தது. சாதாரண மக்கள் மீண்டும் ஆயுதம் எடுத்தார்கள். சமரசத்துக்குப் பின் பிரெஞ்சுத் தரப்புக்குப் போயிருந்த டெசாலினும் மற்றத் தளபதிகளும் அக்டோபரில் அவர்களோடு சேர்ந்தார்கள்.

ஹெய்ட்டிக்கு விடுதலை வாங்கித் தந்தது கொசுதான் என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. குவாடலூப்பையே பாருங்கள். 1802 மே மாதம் ஜெனரல் ரிஷ்பான்ஸ் அங்கே படையோடு இறங்கினார். அதே கொசு, அதே வைரஸ். செப்டம்பரில் ரிஷ்பான்ஸும் மஞ்சள் காய்ச்சலில்தான் இறந்தார். ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எதிர்த்து நின்ற டெல்கிரெஸும் அவரோடு இருந்தவர்களும் மே 28-ஆம் தேதியே, பிடிபட மறுத்து, மத்தூபாவில் வெடிமருந்தைக் கொளுத்தி உயிர்விட்டார்கள். காய்ச்சல் வேலையைக் காட்டும்வரை தாக்குப்பிடிக்கும் அளவுக்கு அங்கே ஆட்களும் இல்லை, இடமும் இல்லை. சான்-டொமிங்கில் 10 ஆண்டுகள் போரிட்டுப் பழகிய மக்களும், ஒளிந்து போரிட மலைகளும் இருந்தன. 1803 நவம்பர் 18-இல் வெர்த்தியேர் போரில் டெசாலினின் படை மிச்சமிருந்த பிரெஞ்சுப் படையை முறியடித்தது. 1804 ஜனவரி 1-ஆம் தேதி ஹெய்ட்டி விடுதலையை அறிவித்தது. குவாடலூப்பின் அடிமைகளுக்கு 1848-இல்தான் விடுதலை கிடைத்தது.