படித்தது புரிந்தது போலவே இருப்பது ஏன்?

பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டையொட்டிய சந்துகளில் நடந்தால் தையல் மெஷின் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அங்கே வளர்ந்த யாரிடமும் மெஷின் எப்படித் தைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். “மிதிச்சா தைக்குது, வேற இன்னா?” என்பார்கள். சரி, இன்னொரு கேள்வி. கையால் தைக்கும்போது ஊசி முழுதாகத் துணியைத் தாண்டி மறுபக்கம் போய்த் திரும்பி வருகிறது. மெஷின் ஊசி அப்படிப் போவதில்லை. முனை மட்டும் உள்ளே இறங்கி, அதே ஓட்டை வழியாக மேலே வந்துவிடுகிறது. அப்படியென்றால் மேல் நூலும் அடி நூலும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன?

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுவோம். 2002-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோனிட் ரோசன்பிளிட்டும் ஃபிராங்க் கெய்லும் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். ஆய்வில் கலந்துகொண்டவர்களிடம், ஜிப், பூட்டு, ஃபிளஷ் டாய்லெட், தையல் மெஷின் போன்றவை இயங்கும் விதம் எவ்வளவு தெரியும் என்று 7-க்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். அப்புறம் ஒவ்வொரு படியாக விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்ததும் மறுபடி மதிப்பெண் கேட்டபோது, தங்களுக்குத் தாங்களே போட்ட மதிப்பெண்ணை அவர்களே குறைத்துக்கொண்டார்கள். சினிமாக் கதை சொல்வதிலும் சமையல் செய்முறை சொல்வதிலும் இப்படிச் சரிவு வரவில்லை. ‘எப்படி இயங்குகிறது’ என்ற அறிவில்தான் நாம் இவ்வளவு ஏமாறுகிறோம்.

காரணம் சுவாரசியமானது. பொருள் கண்முன்னே இருக்கிறது, பாகங்கள் தெரிகின்றன, எதற்குப் பயன்படும் என்பதும் தெரியும். இவை எல்லாவற்றையும் சேர்த்து, ‘இயங்கும் விதமும் தெரியும்’ என்று மனம் கணக்கு வைத்துக்கொள்கிறது. விளக்கிச் சொல்லும் தேவை அன்றாடம் வருவதில்லை என்பதால் அந்தக் கணக்கை யாரும் சரிபார்ப்பதும் இல்லை.

தையல் மெஷினுக்கு வருவோம். அதன் ஊசிக்குக் காது முனையிலேயே இருக்கிறது. அடிவரை இறங்கிய ஊசி லேசாக மேலே எழும்போது, துணியின் உராய்வில் சிக்கிய நூல் அதோடு சேர்ந்து ஏற முடியாமல் பக்கவாட்டில் சின்ன வளையமாகப் புடைக்கிறது. அந்த நொடியில் கீழே இருக்கும் ஷட்டிலின் கொக்கி வந்து வளையத்தைப் பிடித்து, அகட்டி, அடி நூல் சுற்றிய பாபின் உட்கார்ந்திருக்கும் கூட்டை முழுதாகச் சுற்றி அனுப்புகிறது. கூடு தன் குழியில் தளர்வாக உட்கார்ந்திருப்பதால் நூல் அதன் முன்னும் பின்னும் நழுவிப் போக முடிகிறது. இப்போது அடி நூல் அந்த வளையத்துக்குள் இருக்கிறது. மேலே ஏறி இறங்கும் கம்பி நூலை இழுத்து இறுக்கினால் ஒரு தையல் முடிந்தது. எலியாஸ் ஹோவ் 1846-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற மெஷினிலும் முனையில் காதுள்ள ஊசியும் இரண்டு நூல்களும்தான் ஆதாரம்.

இதைப் படித்ததும் ‘புரிந்துவிட்டது’ என்று தோன்றியிருக்கும். கருந்துளை பற்றியோ மரபணு பற்றியோ நன்றாக எழுதப்பட்ட புத்தகத்தை மூடும்போது வருவதும் இதே உணர்வுதான். எழுத்து தடங்கலில்லாமல் ஓடினால், படிக்க எளிதாக இருந்ததையே கற்றுக்கொண்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது. திரும்பத் திரும்பப் படித்தால் இந்த மயக்கம் கூடும்.

எவ்வளவு கூடும் என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. 2006-ல் உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் மாணவர்களுக்குச் சிறிய அறிவியல் கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு சுற்றிலும் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்றில் மட்டும் படித்துவிட்டு, மூன்று சுற்றில் கட்டுரையைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ்: முதல் குழு 40, இரண்டாம் குழு 61. அதிலும் முதல் குழு கட்டுரையைச் சராசரியாக 14 தடவைக்கு மேல் படித்திருந்தது. மற்றவர்கள் மூன்று நான்கு தடவைதான். இருந்தும், ‘ஒரு வாரம் கழித்து நமக்கு நன்றாக நினைவிருக்கும்’ என்று அதிகம் நம்பியது முதல் குழுதான்!

தண்டையார்பேட்டையிலும் பெரம்பூரிலும் நூலகத்தில் உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இந்தச் சோதனையை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. அத்தியாயம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுப் பக்கத்தில் இருக்கும் தோழிக்குச் சொல்லிப் பார்க்கலாம். ஆள் இல்லையென்றால் வெற்றுத் தாளில் எழுதலாம். திக்கும் இடம்தான் மறுபடி படிக்க வேண்டிய பக்கம்.

உளவியல் புத்தகங்களில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. டீனா வைஸ்பர்கும் சக ஆய்வாளர்களும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், மோசமான விளக்கங்களோடு சம்பந்தமே இல்லாத மூளை அறிவியல் வரி ஒன்றைச் சேர்த்தார்கள். துறை சாராத வாசகர்களுக்கு அந்த விளக்கங்கள் முன்பைவிடத் திருப்தியாகப் பட்டன. ஆகவே, ‘மூளையின் முன்பகுதி தூண்டப்படுவதால் நமக்குக் கோபம் அடங்குகிறது’ என்பது போன்ற வாக்கியம் எதிர்ப்பட்டால், மூளை பற்றிய பகுதியைக் கைவிரலால் மறைத்துக்கொண்டு மீதியைப் படித்துப் பாருங்கள். இந்த வாக்கியத்தில் மிஞ்சுவது ‘நமக்குக் கோபம் அடங்குகிறது’ என்பது மட்டும். எப்படி அடங்குகிறது என்று அதில் எதுவுமே இல்லை.