மோதல் அனிமேஷன் சாட்சி ஆகாது

வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று எந்தப் பக்கம் தமிழ்நாடு-கேரள எல்லையைத் தாண்டினாலும் இரவு பகலாக லாரிகள் ஓடுகிற வட்டாரம் இது. விபத்துகளுக்குப் பஞ்சமில்லை. கணினியில் வாகனங்களை மோதவிட்டு நசுங்கவைப்பது என் தொழில் என்பதால், விபத்தில் ஆளை இழந்த வீட்டிலிருந்து யாராவது கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் உள்ள என் அலுவலகத்துக்குப் படியேறி வந்துவிடுகிறார்கள். போன வாரமும் ஒரு பெரியவர் வந்தார். "தம்பி, லாரிக்காரன் கண்மண் தெரியாமல் வந்து இடித்த மாதிரி ஒரு வீடியோ செய்து கொடுங்கள். தீர்ப்பாயத்தில் போட்டுக் காட்ட வேண்டும்" என்றார். லாரி என்ன வேகத்தில் வந்தது என்று கேட்டேன். "அதைத்தான் உங்கள் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லுமே!"

சொல்லாது ஐயா. இதை ஆள் ஆளாக உட்காரவைத்துச் சொல்லி அலுத்துவிட்டது.

மோதலைக் கணக்கிடும் மென்பொருளுக்கு அந்தச் சாலையில் நடந்தது எதுவும் தெரியாது. வேகம், வண்டியின் எடை, சுமை எங்கே இருந்தது, தார்ச்சாலையின் உராய்வு, தகட்டின் விறைப்பு, எந்த அளவுக்கு மேல் வளைந்தால் தகடு பழைய வடிவத்துக்குத் திரும்பாது என்பது வரை எல்லா எண்களையும் நான்தான் தட்டுகிறேன். மாவு மில்லில் மிளகாயைக் கொட்டிவிட்டு மஞ்சள்தூளை எதிர்பார்க்க முடியுமா?

ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, சக்கரங்கள் பூட்டியபடி பிரேக் அடிக்கிறது. சாலை டயரை எவ்வளவு பிடிக்கிறது என்பதைச் சொல்லும் உராய்வுக் கெழுவை 0.7 என்று போட்டால் சுமார் 20 மீட்டரில் நின்றுவிடும். மழை பெய்திருந்தது என்று 0.4 போட்டால் 35 மீட்டர் வரை இழுத்துக்கொண்டு போகும். அந்த இரண்டு தூரத்துக்கும் உள்ள இடைவெளியில் ஒரு பஸ்ஸையே நிறுத்திவைக்கலாம். முதல் வீடியோவில் இருசக்கர வண்டிக்காரர் பிழைத்துக்கொள்வார், இரண்டாவதில் அடிபடுவார். இரண்டிலும் கணக்கு சரிதான், படமும் கண்ணை உறுத்தாது. எது நடந்தது என்று கேட்டால் இரண்டிலும் பதில் கிடையாது.

"இவ்வளவு தத்ரூபமாக இருக்கிறதே, பொய்யாக இருக்குமா?" என்று கேட்கிறார்கள். தத்ரூபம் எங்கள் கைவேலை. மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 20 மீட்டர். திரைப்படக் கணக்கில் விநாடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) என்றால், ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் வண்டி 83 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கார் கதவுத் தகட்டின் கனமோ ஒரு மில்லிமீட்டர்கூட வராது. சட்டகத்துக்கு ஒருமுறை மட்டும் மோதலைச் சோதித்தால், கம்பம் கதவைத் தொடாமலேயே உள்ளே போய் நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு சட்டகத்தையும் பல துண்டுகளாக நறுக்கிக் கணக்கிடுகிறோம். அப்படியும் நிஜ மோதல் ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடியில் முடிந்துவிடும், அதாவது இரண்டு மூன்று சட்டகங்கள். அதைப் பத்து விநாடிக்கு இழுத்து, தூசியைத் தூவி, கண்ணாடியைச் சிதறவிடுவது முழுக்க எங்கள் விருப்பம். விளம்பர வேலைகளில் பல நேரம் அந்தக் கணக்கும் கிடையாது. நசுங்கிய காரை முன்கூட்டியே செதுக்கி வைத்துக்கொண்டு, தூசி கிளம்பும் சட்டகத்தில் நல்ல காரை எடுத்துவிட்டு அதை வைத்துவிடுவோம். யாரும் கண்டுபிடித்ததில்லை.

கார் நிறுவனங்களும் கணினியில் மோதிப் பார்க்கின்றனவே என்று ஒரு வக்கீல் மடக்கினார். உண்மைதான். 1976இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் தொடங்கிய மென்பொருளின் வழிவந்த எல்எஸ்-டைனா இன்றும் அதற்குப் பயன்படுகிறது. விநாடியைப் பத்து லட்சம் துண்டாக்கினால் வரும் அளவு சிறிய படிகளில் அது கணக்கிடும். அதில் போடும் தகட்டின் குணங்களைச் சோதனைக்கூடத்தில் இழுத்து, கிழித்துப் பார்த்து அளக்கிறார்கள். அவ்வளவும் செய்த பிறகும், கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும், 2023இல் தொடங்கிய பாரத் என்கேப் மதிப்பீட்டுக்கு நிஜக் காரை மணிக்கு 64 கிலோமீட்டரில் தடுப்பின்மேல் மோதித்தான் பார்க்கிறார்கள். கணினிப் படம் போதுமென்றால் புதுக் காரை எதற்கு உடைக்க வேண்டும்?

சான்றிதழ் வாங்கி இணைத்துவிட்டால் செல்லும் என்று இன்னொரு நம்பிக்கை. பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ், மின்னணுப் பதிவு எந்தக் கருவியில் எப்படி உருவானது என்பதற்குத்தான். லாரி எந்தப் பக்கம் வந்தது என்பதற்கு அதில் இடமில்லை.

வாட்ஸ்அப் கூத்து வேறு. பீம்என்ஜி என்ற கணினி விளையாட்டில் வண்டிகள் நிஜம்போலவே நசுங்கும். அந்தக் காட்சியை வெட்டி "வாளையாறு அருகே கோர விபத்து" என்று அனுப்புகிறார்கள். ஓட்டுநர் இருக்கையைப் பாருங்கள், பெரும்பாலும் காலியாக இருக்கும். இடித்த பிறகு யாராவது ஓடி வருகிறார்களா என்று பாருங்கள். நம் ஊரில் விபத்து நடந்து ஆள் கூடாமல் இருக்குமா? பார்க்காமல் அனுப்பாதீர்கள். அதே நிற லாரியில் மகன் போயிருக்கும் வீட்டில் அது என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

இனி, வீட்டில் விபத்து நேர்ந்தவர்களுக்கு. முதலில் கேமராவைத் தேடுங்கள். பெட்ரோல் பங்க், பேக்கரி, எதிர்வீடு என எங்கே கேமரா இருந்தாலும் அன்றைக்கே கேளுங்கள், போலீசிடமும் சொல்லுங்கள். ரெக்கார்டர் நிரம்பியதும் பழைய காட்சிமேலேயே புதியதைப் பதிந்துவிடும். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்க்கும் முன்பு வண்டியைத் தட்டிக் கொட்டி நிமிர்த்த விடாதீர்கள். நசுங்கிய ஆழம்தான் வேகத்துக்குக் கிடைக்கும் தடயங்களில் ஒன்று. டயர்த் தடத்தைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் டேப்பை நீட்டிவையுங்கள், இல்லாவிட்டால் செருப்பையாவது போடுங்கள். அளவு தெரியாத படத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் மகசரின் நகலும் ஆய்வாளர் அறிக்கையும் இருந்தால், அவற்றில் உள்ள தூரங்களைக் கொண்டு நீங்கள் சொல்வது நடந்திருக்கக்கூடியதுதானா என்று பார்த்துச் சொல்வேன். உங்களுக்குப் பாதகமாக வந்தாலும் அதையேதான் சொல்வேன். மகசர் மலையாளத்தில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். கொண்டு வாருங்கள், படித்துச் சொல்கிறேன், அதற்குப் பணம் வேண்டாம்.